வேகத்துக்கு ஒரு இறக்கை

வந்தவருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை. பார்த்தால் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருபவர் போல இருந்தார். அவர் கொண்டுவந்த காரும் அப்படித்தான். பத்து வயதான, யாரும் திரும்பிப் பார்க்காத சின்ன வெள்ளை வண்டி.

"இது சும்மா பறக்கணும்," என்றார்.

"என்னென்ன பண்ணணும் சார்?" என்று கேட்டபடி, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான் மெக்கானிக்.

கண்ணாடிக்காரர் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். பின்பக்கம் ஓர் இறக்கை. வாய் அகன்ற சைலன்ஸர், அதுவும் இரட்டைக் குழல். பட்டையான பெரிய சக்கரங்கள். பானெட் மேல் காற்று வாங்க ஒரு மூக்கு. கதவோரம் தீ எரிகிற மாதிரி ஸ்டிக்கர்.

இருபது வருஷமாக எஞ்சினோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், இதெல்லாம் மாட்டினா வண்டி பார்க்க ஜோரா இருக்கும், ஓடாது. அவ்ளோ பெரிய சக்கரத்தை இழுக்க இந்த எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். இறக்கை இருக்கே, அது நம்ம ரோட்டு வேகத்துக்குத் துணி காயப்போடத்தான் ஆகும். வேகம் வேணும்னா வால்வைப் பார்க்கணும், டைமிங் செட் பண்ணணும். அடைச்சுக் கிடக்கிற ஃபில்டரை மாத்தினாலே வித்தியாசம் தெரியும்."

"எஞ்சின்ல கை வைக்க வேண்டாம். சீட்டுல இருக்கிறது போதும். சத்தம் வந்தாத்தானே வேகம்?"

சத்தத்தையும் வேகத்தையும் ஒன்றென்று நினைக்கிற ஆட்களை மெக்கானிக் நிறையப் பார்த்திருக்கிறான். தலையெழுத்தே என்று வேலையை ஆரம்பித்தான்.

மறுநாள் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வந்தார் கண்ணாடிக்காரர். மெக்கானிக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். மேலே அவர் போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"வெள்ளிக்கிழமை பதினொன்றரை. நகைக்கடை வாசல்ல எஞ்சினை அணைக்காம நிப்பேன். நீங்க உங்க வேலையை முடிங்க. வண்டி விஷயத்தை நான் பார்த்துக்கறேன்."

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி அவன் நெற்றியிலேயே விழுந்தது. வலியை விழுங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் கிடந்தான்.

அவன் மனைவியின் அண்ணன்தான் அந்த வட்டாரத்து இன்ஸ்பெக்டர். மதியச் சாப்பாட்டையும் மறந்து ஸ்டேஷனுக்கு ஓடினான்.

"மச்சான், நாளைக்கு இது என் கை பட்ட வண்டின்னு என்னையும் சேர்த்து உள்ள தள்ளிடாதீங்க. இப்பவே சொல்லிட்டேன்."

இன்ஸ்பெக்டரின் முகம் களைகட்டியது. பிரமோஷன் கண்ணெதிரே வந்து நிற்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்பப் பிடிச்சா கேஸ் நிக்காது மாப்பிள்ளை. கையும் களவுமாப் பிடிக்கணும். அன்னிக்கு அந்த வண்டி ஓடாத மாதிரி ஏதாவது பண்ணிடுங்க."

"நான் தனியா எதுவும் பண்ண வேண்டாம் மச்சான். அவர் கேட்டதை மாட்டினாலே போதும்."

சொன்னது பொய்யில்லை. எல்லாவற்றையும் மாட்டி முடித்து ஓட்டிப் பார்த்தான். நின்ற இடத்திலிருந்து அறுபதைத் தொட முன்பு பதினான்கு விநாடி ஆனது, இப்போது பத்தொன்பது. சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. தெருநாய்கள் குடும்பத்தோடு அடுத்த தெருவுக்குக் குடிபோயின. வாழ்க்கையில் ஒரு வண்டியைக்கூடக் கெடுத்ததில்லையே என்று மெக்கானிக்குக் கூச்சமாக இருந்தது. ஊரைக் காப்பாற்றப்போகிறோம் என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை, ஆளை அடையாளம் காட்ட ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். நகைக்கடையைச் சுற்றிச் சந்துக்கு ஒன்றாக ஆறு ஜீப்புகள். பக்கத்து ஸ்டேஷன்களிலிருந்தும் ஆட்களை வரவழைத்திருந்தார் இன்ஸ்பெக்டர்.

சரியாகப் பதினொன்றரைக்கு, கடை வாசலில் நின்றிருந்த கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. கடைக் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஆறு ஜீப்புகளும் பாய்ந்தன.

துரத்தல் அதிக நேரம் நீடிக்கவில்லை. மேம்பாலத்தின் ஏற்றத்தில் கார் இருமத் தொடங்கியது. முதலில் ஒரு சைக்கிள்காரர் அதை முந்திப் போனார். பிறகு இன்ஸ்பெக்டரின் ஜீப் முந்திப் போய்க் குறுக்கே நின்றது.

டிக்கியைத் திறந்தார்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருந்தன. நகைக்கடையில் ஒரு மூக்குத்திகூடக் குறையவில்லை என்று அங்கே நின்ற கான்ஸ்டபிள் வயர்லெஸ்ஸில் சொன்னார்.

"அப்புறம் எதுக்குய்யா தப்பிச்சு ஓடினே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கண்ணாடிக்காரர் சீட் பெல்ட்டை நிதானமாகக் கழற்றினார். "ஓடினேனா? ஐம்பதைத் தாண்டலையே சார். இந்த வண்டியால முடியுமான்னு இவரையே கேளுங்க."

மெக்கானிக் வேறு வழியில்லாமல் முடியாது என்று தலையை ஆட்டினான்.

வயர்லெஸ் மறுபடியும் கரகரத்தது. ஊரின் மறுகோடியில் உள்ள வங்கிக்குள் பதினொன்றரை மணிக்கு மூன்று பேர் புகுந்தார்களாம். எந்த ஸ்டேஷனைக் கூப்பிட்டாலும் அனுப்புவதற்கு ஒரு ஜீப்பும் இல்லை என்றார்களாம்.

மூட்டைகளோடு வெளியே வந்த மூவரும், ஸ்டாப்பில் வரிசையில் நின்று, டவுன் பஸ் ஏறிப் போய்விட்டார்களாம்.