பத்தாவது ஆள்

“காய்ச்சல்னு பொய் சொல்லிட்டு வந்தவங்க அஞ்சு பேரு. சொந்தத்துல சாவுன்னு சொன்னவங்க மூணு பேரு. அதுல ஒருத்தரு தன் பெரியப்பாவ இந்த வருசத்துல ரெண்டாவது தடவையா அடக்கம் பண்ணிட்டு வந்திருந்தாரு!”

வகுப்பே சிரித்தது. மேடையில் நின்ற சுடலைராஜ் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டான்.

தென்காசியில் அந்தக் கல்லூரியில் அன்று மேடைப் பேச்சுப் பாடத்துக்கு உள்தேர்வு. பத்துப் பேரையாவது நேரில் பார்த்து விசாரித்து, அதை வைத்து ஐந்து நிமிடம் பேச வேண்டும். சுடலைராஜ் எடுத்த தலைப்பு ‘குற்றால சீசனும் பொய் லீவும்’. இதிலும் தேறாவிட்டால் படித்துக் கிழித்தது போதும், புளியங்குடிக்கு வந்து எலுமிச்சை மண்டியில் வேலைக்கு நில் என்று அப்பா நேற்றுதான் போனில் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்துவிடுகிற மனிதர்.

பேராசிரியர் ஸ்டான்லிக்குப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்பதைவிட அதில் ஓட்டை தேடுவதில்தான் ருசி. அதுவரை பேசிய நாலு பேரும் எந்த இணையதளத்தில் சுட்டார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்லி, அதில் இரண்டு பேரை அழவும் வைத்துவிட்டு, மனநிறைவோடு உட்கார்ந்திருந்தார்.

“ஆகா, என்ன ஒழைப்பு!” என்று கைதட்டினார். “ஏலே, நெசமாவே குத்தாலத்துக்குப் போனியா, இல்ல இவங்க எல்லாரையும் நீயே பெத்துப் போட்டியா?”

“போனேன் சார். போன புதன்கிழமை, ஐந்தருவிக்கு. காலைல இருந்து சாரல்ல நனைஞ்சுக்கிட்டே நின்னு கேட்டேன்.”

“அய்யோ பாவம், சளி புடிச்சிருக்குமே! சரி, எட்டு பேரு ஆச்சு. மீதி ரெண்டு பேர எங்க, அருவி அடிச்சிட்டுப் போயிட்டா?”

“ஒம்பதாவது ஆளு பல்வலின்னு லீவு சார். வாய் நெறைய பஜ்ஜிய வச்சுக்கிட்டே சொன்னாரு. பத்தாவது ஒரு அம்மா. பெரிய பொறுப்புல இருக்காங்க. திருநெல்வேலியில மீட்டிங்னு சொல்லிட்டு இங்கன வந்து குளிச்சிட்டு இருந்தாங்க.”

“பேரு?”

சுடலைராஜ் விழித்தான். “அது... வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சார்.”

“கேட்டீங்களா மேடம்?” ஸ்டான்லி பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். தேர்வைப் பார்வையிட வந்த கல்லூரி முதல்வர் ஆனந்தவள்ளி அங்கே உட்கார்ந்திருந்தார். “தம்பி வாக்குத் தவற மாட்டாராம்! பேரு இல்லன்னா ஆதாரம் இல்ல. ஆதாரம் இல்லன்னா மார்க்கும் இல்ல. எறங்குலே கீழ.”

சுடலைராஜ் மேடையிலிருந்து இறங்கக் காலெடுத்து வைத்தான். எலுமிச்சை வாடை இப்போதே மூக்கில் அடித்தது.

“இருங்க ஸ்டான்லி.” முதல்வர் எழுந்தே விட்டார். “ஒருத்தங்க நம்பிச் சொன்னத உயிரே போனாலும் வெளிய விடமாட்டேங்கான். ஆராய்ச்சின்னா முதல்ல இந்த நாணயம்தான வேணும்? இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு போடுங்க.”

“மேடம், இது சுத்தமான...”

“போடுங்கன்னு சொல்லுதேன்ல.”

ஸ்டான்லி விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு மதிப்பெண்ணை எழுதினார். வகுப்பு கைதட்டியது. இப்படி ஒரு முதல்வர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று முன்வரிசை முத்துச்செல்விக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மணி அடித்ததும் வராந்தாவில் சுடலைராஜை நிறுத்தினார் முதல்வர். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, அன்னைக்கு ஐந்தருவியில நீ எங்கிட்ட வந்து பேசவே இல்லையே. எங்க நின்னு என்னையப் பாத்த? மீட்டிங் விசயத்த வேற யார்ட்டயாவது சொன்னியா?”

“ஸ்டான்லி சார்ட்டயே சொல்லல, வேற யார்ட்ட மேடம் சொல்லப் போறேன்?” என்றான், அந்தப் புதன்கிழமை குற்றாலம் பக்கமே போகாமல், விடுதியில் இழுத்துப் போர்த்திப் படுத்துக்கொண்டே பத்துப் பேரையும் தானே எழுதி முடித்திருந்த சுடலைராஜ்.