பெஞ்சு நிறைய ஆள்

"முன் பெஞ்சு காலியா இருக்கே, யாராவது வந்து உட்காருங்களேன்!"

தேவாலயத்தின் வாசலில் நின்று கெஞ்சினாள் சாவியம்மா. அதைத் திறந்து பூட்டுவது அவள் வேலை. எதிர்க் கோயிலில் செருப்புக் காக்கிறவர் மனைவியோடும் மச்சினியோடும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"எப்ப எழுந்திருக்கணும், எப்ப உட்காரணும்னு ஒண்ணும் தெரியாதேக்கா."

"என்னைப் பாருங்க. நான் எழுந்தா எழுந்திருங்க."

"நீங்க கண்ணசந்துட்டா?"

"நாமளும் அசந்துட வேண்டியதுதான்," என்றாள் அவர் மனைவி.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள். தேவாலயத்தின் மணிக்கூண்டு, பள்ளிவாசலின் முகப்பு, கோயிலின் முன்மண்டபம், மூன்றுமே இடிபட வேண்டிய பக்கத்தில் நின்றன. நேரில் பார்த்து முடிவு சொல்ல இன்று அதிகாரி வருகிறார்.

யோசனை தையல்காரருடையது. பள்ளிவாசலை ஒட்டி அவர் கடை. "பூட்டிக் கிடக்கிற வீட்டை இடிக்க எவனாவது யோசிப்பானா? உள்ள ஜனம் இருந்தாத்தான் கை வைக்கப் பயப்படுவாங்க," என்று தெருக் கூட்டத்தில் அவர் சொன்னதும் எல்லாரும் தலையாட்டினார்கள். உள்ளே ஜனத்துக்கு எங்கே போவது? பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போன ஊரிலேயே தங்கிவிட்டார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வருவது சாவியம்மாவும் காது கேளாத ஒரு பெரியவரும்தான். மற்ற இரண்டு இடமும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால் அவரவர் சொந்தபந்தம், பக்கத்துத் தெரு, பழைய சிநேகிதம் என்று ஆள் திரட்டி, மூன்று இடத்துக்கும் பிரித்து அனுப்பினார்கள்.

"பின் பெஞ்சுல இருக்கிறவங்க உங்க சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி இருக்கே?" என்று வாசலுக்கு வந்த தையல்காரரிடம் கேட்டாள் சாவியம்மா.

"அவங்களேதான். கல்யாணத்துல கோவிச்சுக்கிட்டுப் போனவங்க. பள்ளிவாசல்ல நிக்க இடமில்ல, இங்க அனுப்பிட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வாசல் வழியாத்தான் எங்க வீட்டுக்காரரைக் கடைசியா எடுத்துட்டுப் போனோம். இதுவும் போச்சுன்னா நான் காலையில எழுந்து எங்க போவேன்?"

"அழுது காரியத்தைக் கெடுக்காதீங்கக்கா. அதிகாரி வரும்போது கல்யாணப் பொண்ணோட அம்மா மாதிரி நிக்கணும்."

"பொண்ணோட அம்மாதான்யா அழுவா!"

"சரி, மாப்பிள்ளையோட அம்மா மாதிரி நில்லுங்க. வர்றாரு, வர்றாரு!"

தெருவில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு அதிகாரி வந்தார். கோயிலைச் சுற்றினார். பள்ளிவாசலில் எட்டிப் பார்த்தார். தேவாலயத்துக்குள் அவர் நுழைந்தபோது பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாட்டுத் தெரியாதவர்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். செருப்புக் காக்கிறவர் தனக்குத் தெரிந்த வேறு ஏதோ பாட்டைப் பாடினார். எத்தனையோ வருஷமாக அந்தக் கூரைக்குக் கீழே இவ்வளவு சத்தம் எழுந்ததில்லை. சாவியம்மா பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

வாசலுக்கு வந்த அதிகாரி நெற்றியைத் துடைத்தார்.

"நான் எதிர்பார்க்கவே இல்லம்மா. எல்லா வாரமும் இப்படித்தானா?"

சாவியம்மா தையல்காரரைப் பார்த்தாள். அவர் கண்ணைக் காட்டினார்.

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மிங்க."

"மூணு இடத்துலயுமா?"

"மூணுலயும்தாங்க!" தையல்காரர் முந்திக்கொண்டார். "நல்ல நாள்ல வந்து பாருங்க, இந்தத் தெருவுல கால் வைக்க முடியாது."

"நிஜமாத்தானே சொல்றீங்க?"

"சாமி சத்தியமா," என்றார் உள்ளேயிருந்து வந்த செருப்புக் காக்கிறவர். "எந்தச் சாமி மேல வேணும்னாலும் பண்றேன்."

அதிகாரி தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஆள் நடமாட்டமே இல்லாத தெருவை எதுக்கு இடிக்கணும், இருக்கிறபடி விட்டுடலாம்னு மேலிடத்துல பேசி வச்சிட்டுத்தாம்மா வந்தேன்," என்றார். "இவ்வளவு ஜனம் நெருக்கியடிக்கிற இடத்துல அவசரத்துக்கு ஒரு ஆம்புலன்ஸ் நுழைய முடியாதே... இனிமே அகலப்படுத்தாம விடறதுக்கு எனக்கு வழியே இல்ல."