இடப்பக்கம்

“என் இடது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு எடுங்க சார். அவர் எப்பவும் அந்தப் பக்கம்தான் குதிப்பாரு,” என்றாள் அந்தப் பெண்.

இரவில் விமானத்திலிருந்து குதிப்பவர்களை, கூடவே குதித்துப் படமெடுப்பதுதான் கேமராக்காரருக்குத் தொழில். அவள் புருஷன் போன வருஷம் பாராசூட் விரியாமல் இறந்தது அவருக்கும் தெரியும். மனசு இளகிப்போய், அவள் சொன்னபடியே பக்கத்து இருட்டையும் சேர்த்து எடுத்தார்.

மறுநாள் காலை இருவரும் ஸ்டூடியோவில் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். திரையில் அவள் காலில் கட்டிய விளக்கு மட்டும் மினுங்கியபடி விழுந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் அவளுக்கு இடப்பக்கம் இன்னொரு விளக்கு தெரிந்தது. அதுவும் அவளோடு சேர்ந்தே விழுந்தது. மெல்ல மெல்ல அவளை நெருங்கியது.

அந்த இரவு அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் குதிக்கவில்லை. அவள் கண் கலங்குவதைப் பார்த்துக் கேமராக்காரர் சொன்னார்: “அழாதீங்கம்மா. அவர் உங்களை விட்டு எங்கேயும் போகல.”

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

“அடி தாங்காம நான் ஓடிப்போன வீட்டுக்கெல்லாம் தேடிக்கிட்டு வந்தவரு சார் அவரு. செத்த பிறகாவது விட்டுட்டாரான்னு பார்க்கத்தான் குதிச்சேன்.”