அட்டையில் ஒரு சொட்டு

பட்டறை நடுவில் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டே நிற்கிறது. கார்க்காரருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. முன்சக்கரத்தருகே மண்டியிட்டு, என்ஜினுக்கு அடியில் விரித்த அட்டையின் மேல் தலையைக் கவிழ்த்திருக்கிறார். ரேடியேட்டர் குழாயை மாற்றியது இது மூன்றாவது தடவை. "சொட்டுதாப்பா?" "இல்ல சார்." "இப்போ?" பதில் சொல்லிச் சொல்லி மெக்கானிக்குக்கு வாய் வலிக்கிறது. சூடு காட்டும் முள் பாதிக்கு ஏறி, அசையாமல் நிற்கிறது. ஆறு வருஷமாக அவரோடு பேசாத மகள் நாலு மணி விமானத்தில் வந்து இறங்குகிறாள். அன்றைக்குச் சண்டை போட்டு, இறங்கி, கதவை அறைந்துவிட்டுப் போன இதே காரில்தான் வரச் சொல்லிச் செய்தி அனுப்பியிருக்கிறாள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று. "ஐயோ, சொட்டிடுச்சு!" அட்டையில் காசளவுக்கு ஒரு ஈரம். மெக்கானிக் குனிந்து, அதை விரலால் தொட்டு, மோந்து, டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். "ரேடியேட்டர்ல ஊத்துற கூலன்ட்னா பச்சையா, பிசுபிசுன்னு இருக்கும் சார். இது உங்க மூக்கு நுனியிலேருந்து விழுந்த வேர்வை. வண்டி தேறிடுச்சு, கிளம்புங்க." கார்க்காரர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுகிறார். கதவைத் திறக்கிறார். கைப்பிடியை விடாமல் அப்படியே நிற்கிறார். "எதுக்கும் இன்னொரு தரம் பார்த்துடேன்ப்பா."