யாரும் கேட்காத இடம்

"உங்கள்ல செட்டர் யாரும்மா?"

பயிற்சியாளர் கேட்டதும் ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரி. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர வாலிபால் தேர்வு. ஊர் ஊராக வந்த பெண்களைக் கலைத்துப் போட்டு அணி பிரித்திருந்தார்கள். அவள் விருதுநகரிலிருந்து வந்தவள். அவள் அணியில் எல்லோரும் அடிக்க வந்தவர்கள். எழும்பி ஓங்கி அடிப்பவளை எல்லோரும் பார்ப்பார்கள். அந்தப் பந்தை வலைக்கு மேலே தூக்கிக் கொடுக்கும் செட்டரை யார் பார்க்கிறார்கள்?

அவளும் அடிக்கத்தான் வந்திருந்தாள்.

போன வருடமும் இதே மைதானத்துக்கு வந்தாள். அன்று செட்டராக மாட்டிக்கொண்ட பெண் கொடுத்த பந்து ஒன்றும் சரியில்லை. இரண்டு பந்துக்கு இவள் அவளை முறைத்தாள். மூன்றாவதுக்குக் கையை விரித்தாள். நான்காவதுக்கு எழும்பவே இல்லை.

தேர்வில் இவளை எடுக்கவில்லை.

எல்லாம் அந்த செட்டரால் வந்தது என்று விருதுநகர் வரை ரயிலில் அழுதுகொண்டே போனாள்.

கூடப் படித்தவர்கள் கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். அவள் வீட்டில் ஒரு வருடம் அவகாசம் கேட்டாள். அப்பா சம்மதித்தார். அடுத்த தடவையும் கிடைக்காவிட்டால் உள்ளூரில் ஏதாவது ஒரு டிகிரி, அதோடு பந்தை மறந்துவிட வேண்டும் என்றார்.

ஊரில் அவளுக்கு அகப்பட்ட ஒரே அணி, ஆயுதப்படை மைதானத்தில் மாலை நேரம் ஆடும் பெண் போலீஸ்காரர்கள். அவர்களுடைய செட்டர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். வேலிக்கு வெளியே நின்று பார்த்தவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

காலியாக இருந்தது அந்த ஓர் இடம்தான்.

ஆரம்பத்தில் அங்கேயும் முறைத்துப் பார்த்தாள். எடுபடவில்லை. அதைவிடப் பெரிய முறைப்பையெல்லாம் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள்.

பங்குனித் திருவிழா சமயம். காலையிலிருந்து வெயிலில் பந்தோபஸ்து நின்றுவிட்டு நேராக ஆட வந்தார் ஏட்டு முத்துப்பேச்சி. பூட்ஸைக் கழற்றிய காலெல்லாம் வரிவரியாகத் தடம். அவள் கொடுத்த பந்து ஒவ்வொன்றும் அவர் கைக்கு மேலே போயிற்று.

"கொஞ்சம் தாழ்த்திப் போடு புள்ள. இன்னைக்கு நான் குள்ளம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தாழ்த்திப் போட்டாள்.

ஏட்டு அடித்தார். எதிரே நின்ற மூன்று பேரும் பந்தை எடுக்காமல் விலகிக்கொண்டார்கள்.

ஏட்டு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்தையே ஒரு சுற்றுப் பார்த்தார். தானே அடித்ததுபோல இருந்தது அவளுக்கு. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் பந்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்த்தாள். கான்ஸ்டபிள் ஜெசிந்தா அக்காவுக்கு வலையை ஒட்டி, விருட்டென்று வர வேண்டும். இரவு டூட்டி முடித்து வந்தவருக்கு உயரமாக, நிதானமாக. யார் அன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதுகூட அவள் விரல்களுக்குத் தெரிந்தது.

"நேரமாகுது. யாராவது ஒருத்தர் சொல்லுங்க." தேர்வு மைதானத்தில் பயிற்சியாளர் விசிலைக் கையில் எடுத்தார்.

சும்மா நின்றால் வேறு யாராவது மாட்டிக்கொள்வாள். இவள் அடிக்கலாம். இவள் அடியில் ஒரு குறையும் கிடையாது.

கையைத் தூக்கினாள்.

"நான்."

வலைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

முதல் பந்தை இடது ஓரத்தில் நின்ற நெட்டைப் பெண்ணுக்குக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை வலையிலேயே அடித்தாள். இரண்டாவதும் அவளுக்கே. அது கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது.

நெட்டைப் பெண் திரும்பிப் பார்த்தாள். திட்டு விழப்போகிறது என்று தயாராகிவிட்ட முகம்.

அந்த முகத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். போன வருடம், இதே வலைக்குப் பக்கத்தில், அந்த செட்டரிடம். அன்று அதற்கு என்ன செய்தோம் என்பதும் நினைவிருந்தது.

பயத்தில் இந்தப் பெண் சீக்கிரமே எழும்பிவிடுகிறாள். சரி, பந்தும் சீக்கிரமே வரட்டும்.

"அடுத்ததும் உனக்குத்தான்" என்றாள்.

பந்து வந்தது. உயர்த்தாமல், தாழ்வாக, விரைவாகத் தள்ளினாள்.

அடி விழுந்த சத்தத்தில் பக்கத்து மைதானத்துப் பெண்கள் திரும்பினார்கள்.

நெட்டைப் பெண் ஓடிவந்து அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கால் தரையில் இல்லை.

பிறகு எல்லோருக்கும் கொடுத்தாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு மாதிரி. ஆட்டம் முடிந்து வியர்வையைத் துடைக்கும்போதுதான், தான் ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை என்பது உறைத்தது.

அப்பாவிடம் என்ன சொல்வது?

பயிற்சியாளர் அவளையும் நெட்டைப் பெண்ணையும் கை காட்டிக் கூப்பிட்டார். திங்கட்கிழமை சான்றிதழ்களோடு இருவரும் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றார். காதில் விழுந்தது சரிதானா என்று அவள் நெட்டைப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

பயிற்சியாளருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமா, எத்தனை வருடமாகச் சேர்ந்து ஆடுகிறீர்கள் என்று கேட்டார்.

நெட்டைப் பெண் அவள் பக்கம் குனிந்தாள்.

"ஆமா, உன் பேரு என்ன?"