அட்டையில் இல்லாத பெயர்

அன்று காலை எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி விசாலாட்சி, மகன் தணிகாசலம், துப்பாக்கி விற்க வந்த ஜெபராஜ் ஆகிய நால்வர்தான்.

தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் துப்பாக்கி இல்லை. மேசைமேல் இரண்டு கிடந்தன. நீளமும் எடையும் ஒன்றே. இரண்டிலும் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு பாயும், அடுத்தது தானே ஏறிக்கொள்ளும்.

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் விலை கூட?" என்றான் தணிகாசலம்.

"இது வீட்டு ஆளுங்களைச் சுடாதுங்க. ரேஷன் கார்டுல இருக்கிற முகத்தைப் பார்த்தா விசை பூட்டிக்கும். ஐயாவே பாருங்க."

அதை எடுத்து மகன் பக்கம் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. விசை அசையவில்லை.

"என் பக்கம் நீட்டாதீங்க," என்றாள் விசாலாட்சி. அவளுக்கும் சிவப்புதான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுத் துப்பாக்கியோடு திரும்பினேன். இடுப்பில் குழந்தையோடு கயல்விழி நின்றாள். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட என் மகள். அவள் பெயரை ரேஷன் அட்டையிலிருந்து நானே போய் நீக்கியிருந்தேன்.

பச்சை விளக்கு எரிந்தது. விரலடியில் விசை இளகியது. உள்ளே குண்டு இருக்கிறதா என்று நான் கேட்டிருக்கவில்லை. விரலை வைத்திருக்கவும் பயம், எடுக்கவும் பயம்.

"நான்தான்ப்பா," என்றாள்.

"ஐயா, மெதுவா கீழ இறக்குங்க," என்றான் ஜெபராஜ்.

இறக்கினேன். இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் நான் தாலுகா ஆபீசுக்குப் போனதைப் பார்த்தவர்கள், மகளை மன்னித்துவிட்டேன் என்று பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அட்டையில் அவள் பெயரையும் குழந்தையின் பெயரையும் சேர்த்தேன், அவ்வளவுதான்.