தோள்வலிக்கு டாக்சி

"வலி தோள்லதானே? கால்ல இல்லியே?"

வரி அலுவலகத்தின் மூன்றாம் கவுன்டரில் இருந்த மினோபே, கேள்வி கேட்கும்போதே பாதித் தீர்ப்பைச் சொல்லிவிடுகிற ஆள். எதிரே நெகிஷி, எழுபத்தெட்டு வயசு, அரிசி பிஸ்கட் டப்பா நிறைய டாக்சி ரசீதுகளோடு உட்கார்ந்திருந்தார்.

"தோள்லதான் தம்பி."

"கால் நல்லாருக்கு. வீட்டு வாசல்லயே பஸ் நிக்குது. அப்புறம் எதுக்கு வாரம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு டாக்சி?"

"சும்மா... சௌகரியமா இருக்கும்னு."

"சௌகரியத்துக்கெல்லாம் வரிச்சலுகை கிடையாது ஐயா. பஸ்ல போகவே முடியாத நோயாளிக்குத்தான் டாக்சி. பஸ்ல போயிருந்தீங்கன்னா ரசீதுகூட வேண்டாம். தேதியும் கட்டணமும் எழுதிக் குடுத்தா அப்படியே நம்பிடுவோம்."

மார்ச் மாதம். வரிக்கணக்கு கொடுக்கும் கெடு முடிய மூன்றே நாள். நம்பர் சீட்டோடு காத்திருந்த கூட்டத்தில் ஒரு பெண்மணி, "வசதியைப் பாரேன்" என்று உதட்டைப் பிதுக்கினாள். மினோபேவுக்கு அது இன்னும் தெம்பாகிவிட்டது. ரசீதுகளைப் புரட்டினார்.

"உங்க வீட்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ஆயிரத்து நானூறு யென்தான் ஆகும். எல்லா ரசீதும் ரெண்டாயிரத்தைத் தாண்டுதே! வழியில எங்க போறீங்க?"

பெரியவர் நெளிந்தார்.

"கொஞ்சம் சுத்திப் போய் ஒரு அம்மாவையும் ஏத்திக்குவேன். அவங்களும் அதே ஆஸ்பத்திரிதான். இடுப்பெலும்பு தேஞ்சுபோச்சு. பஸ் படி ஏற முடியாம ரெண்டு தடவை விழுந்துட்டாங்க."

"அப்போ டாக்சியே அவங்களுக்காகத்தானா?"

"எனக்குன்னா பஸ்ஸே போதும்."

"அவங்க பங்கு குடுக்கறதில்லையா?"

"நான் வாங்கினாத்தானே! ரோஷக்காரங்க தம்பி. ஓசின்னு தெரிஞ்சா ஒவ்வொரு தடவையும் பதில் மரியாதைக்குப் பலகாரப் பெட்டியைத் தூக்கிட்டு வந்துடுவாங்க. அதான், 'வரி ஆபீஸ்ல எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடறாங்க, சும்மா ஏறுங்க'ன்னு ஒரு பொய் சொல்லி வெச்சேன். அதைக் கொஞ்சம் நிஜமாக்கலாமேன்னுதான் இங்க வந்தேன்."

"மனசு நல்ல மனசுதான். ஆனா சொந்தக் குடும்பத்துச் செலவுக்குத்தான் சலுகை. ஆளாளுக்கு இல்லாத கணக்கு எழுதினா அரசாங்கம் என்னத்துக்கு ஆகும்?"

மினோபே சிவப்புப் பேனாவை எடுத்தார். எண்பத்தாறு சவாரியையும் ஒரே கோட்டில் அடித்தார்.

பெரியவர் டப்பாவை மூடினார். "சரி, சட்டம்னா சட்டம். ஆனா இது அந்தம்மா காதுக்கு மட்டும் போகக்கூடாது. போச்சுன்னா நாளையிலேர்ந்து டாக்சில ஏறமாட்டாங்க. மறுபடியும் பஸ்ல ஏறி விழுவாங்க."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்? அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதே."

"மினோபேன்னு குடும்பப் பேரு. ஒரே பையன், ஏதோ கவர்மென்ட் ஆபீஸ்ல இருக்கானாம். அவன் போன்ல கேட்டா, 'சுகமா பஸ்ல போயிட்டு வரேன்டா'ன்னு சொல்லிடுவாங்க. அவனும் அதோட விட்டுடறான். நேர்ல ஒரு நாள் வந்து பார்த்தாத்தானே தெரியும்!"

மினோபேயின் கை தானாகப் போய்ச் சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையை மூடிக்கொண்டது. கண்ணாடி கொண்டுவராத பெரியவர் எதையும் கவனிக்கவில்லை. தலை தாழ்த்தி வணங்கிவிட்டு எழுந்து போனார்.

மாசாமாசம் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிற மகன் என்ற உரிமையில், ஜனவரியிலேயே தன் வரிக்கணக்கில் மினோபே எழுதிக் கொடுத்திருந்தார்: 'தாயார், ஆஸ்பத்திரிக்குப் பஸ் கட்டணம், எண்பத்தாறு தடவை.'

அதற்கான வரிப்பணமும் போன வாரமே திரும்பி வந்துவிட்டிருந்தது.